பதிமூணரைக்கு ஒண்ணு

பாண்டிமீனா பொய் சொல்லமாட்டாள். அவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதே அதனால்தான். பொய் சொல்கிறவர்களை என்றைக்காவது ஒருநாள் பிடித்துவிடலாம். மீனா உண்மையை மட்டுமே சொல்வாள். ஆனால் கேட்கிறவர் தானாகவே நடந்துபோய்த் தப்பான நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிற மாதிரி சொல்வாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் முகம் மாதிரி இருக்கும்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்ததும் அவளுக்குக் கிடைத்த வேலை, பரவை தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் பைப் பிடிப்பது. ஆறு வருஷம் பிடித்தாள். "கலப்படம் இல்லாததாப் பாத்துப் போடும்மா" என்று தினமும் நாலு பேராவது சொல்வார்கள். "எல்லாருக்கும் ஊத்துறதுதாண்ணே, ஒங்களுக்குன்னு தனியா எதையும் கலக்கல" என்பாள். அவர்களும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பழைய மொபெட்டில் வந்த ஒருவர் விலை கூடின பெட்ரோலைக் காட்டி, "இதப் போட்டா வண்டி பறக்குமா?" என்று கேட்டார். "பறக்கும்ணே. பாலத்து மேல இருந்து விட்டீகன்னா."

அந்த விலை கூடின பெட்ரோல்தான் அவளை இன்ஜின் பக்கம் இழுத்தது. அப்போது சாதா பெட்ரோல் தொண்ணூற்றொரு ஆக்டேன், கூடின விலைக்கு விற்றது தொண்ணூற்றைந்து. பிள்ளைக்குச் சத்துமாவு கரைத்துக் கொடுப்பது மாதிரி ஆட்கள் வண்டிக்கு அதை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார்கள். ஆக்டேன் என்றால் என்ன என்று மேனேஜரைக் கேட்டாள். "பவர்" என்றார். சோதனைக்கு வந்த கம்பெனி இன்ஜினியரைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொறுமை" என்றார். இன்ஜின் உள்ளே பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து நசுக்குகிறது. பிளக்கில் பொறி வருகிறவரைக்கும் பெட்ரோல் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமை குறைந்த பெட்ரோலை அதிகமாக நசுக்கினால், முதலில் பற்றிய தீ வந்து சேருவதற்குள் மிச்சம் மீதி தானாகவே வெடித்துவிடும். அந்த அடி பிஸ்டன் தலையில் விழும். இவ்வளவுதான் விஷயம். மீனாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பங்குக்கு வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே, எது நிம்மதியாக ஓடுகிறது, எது உள்ளே அடி வாங்குகிறது என்று சொல்லத் தொடங்கினாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். அதற்காகவே மேனேஜர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. வில்லாபுரத்தில் சொந்தப் பட்டறை. ஒரு லேத், சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கிற ஒரு மெஷின், அலமாரி நிறைய ஊசி போடுகிற சிரிஞ்சு. இன்ஜின் தலைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க அந்தச் சிரிஞ்சுதான் வசதி. மொத்தமாக இருபது சிரிஞ்சு கேட்டபோது மெடிக்கல் ஷாப்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கும்மா?" என்றார். "பஜாஜுக்கு ரெண்டு, மிச்சம் மத்த வண்டிக்கு" என்றாள். அவர் இருபதையும் எண்ணிக் கொடுத்தார்.

கணவன் தவசி, பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறான். இன்ஜின் வைத்த எதன் மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. கூடுமானவரை சைக்கிளில் போகிறவன்.

இந்தப் பக்கம் சில வருஷமாக மண்ணில் ஓட்டுகிற பைக்குகளின் மேல் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கோடையில் கண்மாய் வற்றினால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குள் இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள். கடை வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், விவசாயிகள், ஒரு கணக்கு டீச்சர்கூட உண்டு. எல்லோருடைய வண்டியும் எப்படியும் மீனாவின் பட்டறைக்கு வந்துபோகும்.

அப்படி வந்தவர்தான் உக்கிரபாண்டி. அவனியாபுரத்தில் டைல்ஸ் கடை முதலாளி. நாற்பத்திரண்டு வயது, அதற்கேற்ற தொப்பை, அதற்கு மேல் ரேஸ் சட்டை. போனில் தன்னைத் தானே படம் பிடித்து, "வணக்கம் மக்களே" என்று வீடியோ போடுவார். இருநூற்றைம்பது சிசி வண்டி வைத்திருந்தார். மூன்று வருஷமாக நாலாவது இடத்தைத் தாண்டியதில்லை.

பங்குனி மாதத்தில் ஒருநாள் பட்டுத் துண்டில் எதையோ சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்.

"தங்கச்சி, கையக் கழுவிட்டு வா."

"என்னண்ணே, பிரசாதமா?"

"அதுக்கும் மேல."

துண்டை விலக்கினார். உள்ளே ஒரு புதுப் பிஸ்டன். சாதாப் பிஸ்டனின் தலை தட்டையாக இருக்கும். இது நடுவில் மேடு கட்டி, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. வந்து சேர ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது.

"பதிமூணரைக்கு ஒண்ணு" என்றார் உக்கிரபாண்டி, குழந்தையின் எடையைச் சொல்கிறவர் மாதிரி.

அவர் வண்டியில் இருந்த பிஸ்டன், உள்ளே வருவதைப் பதினொன்றில் ஒரு பங்காக நசுக்கும். இது பதின்மூன்றரையில் ஒரு பங்காக நசுக்கும். எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு வேகம். கணக்குப்படி அது உண்மைதான்.

"சரிண்ணே, இதுக்கு என்ன பெட்ரோல் ஊத்தப் போறீக?"

"என்ன பெட்ரோலா? நம்ம பங்கு பெட்ரோல்தான்."

"அது தாங்காதுண்ணே. இதுக்கு நூறு ஆக்டேனாவது வேணும். நம்ம பெட்ரோலுக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது."

"பொறுமையா? நமக்கு எதுக்குத் தங்கச்சி பொறுமை? நாம போறது ரேஸுக்கு."

மீனா அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சித்திரை வெயில், மணலில் மெதுவாக இழுக்கிற வண்டி, சூடேறிய இன்ஜின். எல்லாம் சேர்ந்தால் உள்ளே பெட்ரோல் கண்டபடி வெடிக்கும். முதலில் இரும்புச் சட்டியில் கடலை வறுக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும், இல்லாவிட்டால் இன்ஜின் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார்.

உக்கிரபாண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "வீடியோவுல வெள்ளக்காரன் ஓட்டுறானே" என்றார்.

"அவன் என்ன ஊத்துறான்னு பாத்தீகளா?"

"அத அவன் காட்டல." எழுந்துகொண்டார். "இங்க பாரு, நீ போட்டாப் போடு. இல்லாட்டி போடுறதுக்கு ஊர்ல ஆளா இல்ல? நான் போறேன்."

ஆள் இருக்கிறது என்பது மீனாவுக்கும் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்வி கேட்காமல் மாட்டிவிடுகிற பட்டறைகள் நாலாவது இருக்கும். இந்த மனிதர் கண்மாய்க்குள் எண்பதில் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"வச்சிட்டுப் போங்கண்ணே. போட்டுத் தாரேன்."

போட்டும் கொடுத்தாள். அதே பிஸ்டனைத்தான் போட்டாள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சிலிண்டருக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு செம்புத் தகட்டை வெட்டி வைத்தாள். தகடு சிலிண்டரைத் தூக்கும், சிலிண்டரோடு தலையும் உயரும், பிஸ்டனுக்கு மேலே இடம் கூடும். இருபது சிசி இருக்க வேண்டிய இடம் இருபத்து நாலரை ஆயிற்று. அப்படி ஆனால் நசுக்கல் பதினொன்று சொச்சம்தான். அதாவது, ஒன்றரை மாதம் கப்பலில் வந்த பிஸ்டன், அவருடைய பழைய பிஸ்டன் செய்த வேலையைத்தான் செய்யப்போகிறது. இன்ஜினுக்கு இது உத்தமமான வைத்தியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல வைத்தியம் தெரியவில்லை.

வண்டி எடுக்க வந்த உக்கிரபாண்டி கேட்டார்: "பதிமூணரைப் பிஸ்டன்தானே போட்டிருக்க?"

"அட்டைப் பெட்டியில அப்படித்தாண்ணே எழுதியிருக்கு."

"பழைய வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"ஓட்டிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்கண்ணே."

அங்கேயே தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "கையே கழண்டுரும் போல இருக்கு தங்கச்சி. என்னா இழுவை!"

மீனா லேத் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்திரை இரண்டாவது ஞாயிறு, திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் பந்தயம். நடத்தியவர் மொக்கைச்சாமி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். பந்தயம் நடத்துவதே மைக்கில் பேசத்தான் என்று ஊரில் சொல்வார்கள். இருபது வண்டி, எட்டுச் சுற்று.

அன்று உக்கிரபாண்டி முதலாவது வந்தார். எப்படி வந்தார் என்பதற்கு மீனாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. மூன்று வருஷமாக வளைவுகளில் பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே பதின்மூன்றரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் பிரேக்கையே மறந்துவிட்டார். முன்னால் போனவர்களில் ஒருவருக்கு ரேடியேட்டர் கொதித்தது. இன்னொருவர் நாயைப் பார்த்து ஒதுங்கினார். இவர் எதையும் பார்க்கவில்லை.

பரிசு வாங்கியதும் மொக்கைச்சாமி மைக்கை நீட்டினார். மைக்கும் வீடியோவும் ஒரே நேரத்தில் கிடைத்தால் உக்கிரபாண்டி சும்மா விடுவாரா?

"வணக்கம் மக்களே! பதிமூணரைக்கு ஒண்ணு! சாதாப் பங்கு பெட்ரோல்! இந்தப் பிஸ்டனுக்கு நூறு ஆக்டேன் வேணும்னு சில பேரு பயமுறுத்துவாக, கேக்காதீக! போட்டுக் குடுத்தது வில்லாபுரம் பாண்டிமீனா!"

கூட்டத்தில் நின்றிருந்த மீனாவைத் திரும்பிப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோருக்கும் பதின்மூன்றரை வேண்டும், எல்லோருக்கும் சாதா பெட்ரோல்தான். திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பொய் சொல்லாமல் தப்பிக்க மீனா பட்ட பாடு கொஞ்சமில்லை. "உக்கிரபாண்டி அண்ணன் ஓட்டுற மாதிரி ஒங்களால ஓட்ட முடியாதுண்ணே" என்றாள் ஒருவரிடம். அது உண்மை. "அந்த இன்ஜினுக்குச் செஞ்ச வேல அம்புட்டு லேசுல வெளிய சொல்ற வேல இல்ல" என்றாள் இன்னொருவரிடம். அதுவும் உண்மை. ஆனால் ஒவ்வொரு உண்மையும் விஷயத்தை இன்னும் பெரிதாக்கிற்று. மீனாவிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று பேச்சாயிற்று. பெட்ரோல் டாங்கில் பச்சைக் கற்பூரம் போடுகிறாள் என்று ஒரு கட்சி. கிடையாது, அந்துருண்டை என்று ஒரு கட்சி. அந்த வாரம் வில்லாபுரம் மளிகைக் கடையில் இரண்டுமே தீர்ந்துபோயின.

தவசி சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். "நீ பொய் சொல்லலைங்கிற."

"ஒண்ணுகூடச் சொல்லல."

"அப்ப எதுக்குச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க? தின்னு."

பத்தாவது நாள் அழகுபாண்டி வந்தான். திருவாதவூர்க்காரன், விவசாயம் பார்க்கிறவன். அவன் முழங்கை இரண்டிலும் பிளாஸ்திரி. வண்டியைக் கொண்டுவரவில்லை. ஒரு மஞ்சள் பையைத்தான் கொண்டுவந்தான். அதற்குள்ளிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து மேஜையில் வைத்தான். மேடு கட்டிய தலையின் நடுவில் பத்துப் பைசா அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் உருகி வழிந்திருந்தது.

"பிஸ்டன் முன்னாடியே வாங்கி வச்சிருந்தேன். ஒங்கள்ட்ட வரிசை நீளமா இருக்குன்னு வேற பட்டறையில குடுத்துப் போட்டேன்க்கா. மைக்குல சொன்ன மாதிரியே சாதா பெட்ரோல்தான் ஊத்துனேன். மூணாவது சுத்துல கடல வறுக்குற மாதிரி சத்தம் கேட்டுச்சு. நல்லா இழுக்குது போலன்னு இன்னும் முறுக்குனேன்."

"விழுந்தியா?"

"வேலிக்கருவைக்குள்ள விழுந்தேன். பதினேழு முள்ளு. எடுத்தவரு எண்ணிச் சொன்னாரு." அவன் பேச்சில் கோபமே இல்லை. "ஒங்க கையில குடுக்காம விட்டது என் தப்புத்தான்."

மீனா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். சிரிப்பும் விளையாட்டும் அவளை விட்டுப் போய்விட்டன. அவன் மட்டும் ஒரு கோபமான வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "ஒன் தப்பு இல்லப்பா" என்றாள். "வண்டியக் கொண்டாந்து போடு. நான் சரி பண்ணித் தாரேன். எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்." அவன் ஏன் என்று புரியாமலே போனான்.

அன்று சாயங்காலம் சுஷ்மா வந்தாள். ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கண்மாயில் வண்டி ஓட்டுகிற இரண்டு பெண்களில் ஒருத்தி. அவள் பிஸ்டன் எதுவும் கொண்டுவரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. உக்கிரபாண்டி சார் வண்டில பிஸ்டனுக்கு மேல எத்தனை சிசி இடம் இருக்கு?"

பத்து நாளில் நூறு பேர் வந்திருக்கிறார்கள். என்ன பிஸ்டன், என்ன பெட்ரோல், டாங்கில் என்ன போட்டாய் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. சிரிஞ்சு அலமாரி அவர்கள் கண் முன்னாலேயேதான் இருந்தது.

மீனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இருபத்து நாலரை" என்றாள்.

சுஷ்மாவின் உதடு அசைந்தது. மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாள். "அப்ப பதினொண்ணுதானே வருது?"

"பதினொண்ணே காலுக்குக் கொஞ்சம் கீழ."

சுஷ்மா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் லேத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபோதுதான் மேஜையில் இருந்த ஓட்டைப் பிஸ்டனைப் பார்த்தாள். அது யாருடையது என்று மீனா சொன்னாள். முள் கணக்கையும் சொன்னாள்.

"இன்னும் எத்தனை பேர் வாங்கப் போட்டிருக்காங்க?"

"எனக்குத் தெரிஞ்சு ஒம்போது."

"அப்ப எல்லாருக்கும் முன்னாடி அளந்து காட்டிடுங்கக்கா. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. ரகசியத்தை மறைக்கிறீங்கன்னுதான் சொல்வாங்க."

உக்கிரபாண்டியிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மீனா நினைத்தாள். அதற்கு மூன்று தடவை முயன்றாள். முதல் தடவை போனில், "அண்ணே, ஒங்க இன்ஜினப் பத்தி ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தபோது, "அதான் ஊரே பேசுதே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாம் தடவை டைல்ஸ் கடைக்கே போனாள். அவர் பரிசுக் கோப்பையைக் கழிவறை டைல்ஸ் வரிசைக்கு நடுவில் வைத்து, வந்தவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை, "அண்ணே, ஞாயித்துக்கிழமை கண்மாயில ஒங்க இன்ஜின அளந்து காட்டணும்னு ஆசப்படுறாக. அதுக்கு முன்னாடி நான் ஒங்கள்ட்ட..." என்றாள்.

"அளக்கணுமா? தாராளமா! எல்லாரையும் வரச் சொல்லு. நான் நேரலையில போடுறேன்."

"கேமரா வேணாம்ணே."

"நீ ஏன் தங்கச்சி வெக்கப்படுற? ஒன் வேலையும் நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே நூற்றைம்பது பேர் கூடிவிட்டார்கள். மொக்கைச்சாமி இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். உக்கிரபாண்டி வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து, போனை ஒரு குச்சியில் கட்டி நட்டார்.

மீனா பிளக்கைக் கழற்றினாள். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிளக் ஓட்டை வானத்தைப் பார்க்கிற மாதிரி வண்டியைச் சாய்த்துப் பிடிக்கத் தவசியிடம் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். "உள்ள இருபது சிசி எண்ணெய் பிடிச்சா, இது பதிமூணரை" என்றாள். மொக்கைச்சாமி அதை இரண்டு தடவை மைக்கில் சொன்னார். சிரிஞ்சில் எண்ணெய் இழுத்து மெதுவாக இறக்கினாள். பத்து. பதினைந்து. இருபது.

"நிரம்பிருச்சா?" என்றார் உக்கிரபாண்டி.

"இல்லண்ணே. இன்னும் போகுது."

இருபத்தொன்று. இருபத்திரண்டு. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளக் மரைக்கு ஆகும் எண்ணெயைக் கழித்து, இருபத்து நாலரையில் நிறுத்தினாள். சுஷ்மா ஒரு அட்டையில் கணக்குப் போட்டு, பதினொன்று என்று பெரிதாக எழுதிக் காட்டினாள்.

மீனா மைக்கை வாங்கினாள். அதற்கு முன்னால் அவள் மைக்கில் பேசியதே இல்லை. "சிலிண்டருக்கு அடியில நாந்தான் ஒரு செம்புத் தகடு வச்சேன். இது பதிமூணர இல்ல. சாதா பெட்ரோலுக்குப் பதிமூணர தாங்காது. அண்ணன்ட்டச் சொல்லாமச் செஞ்சது என் தப்பு. மைக்குல சொன்னத மறுக்காம நின்னு, அதக் கேட்டு அழகுபாண்டி முள்ளுல விழ விட்டது அதவிடப் பெரிய தப்பு. வாங்கிட்டவுக யாரும் மாட்டாதீக."

உக்கிரபாண்டியின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் செங்கல் நிறத்துக்கு வந்தது. அவர் கத்தின கத்துக்கு மைக் தேவையே படவில்லை.

"ஏமாத்திட்டியே தங்கச்சி! என்னைய இப்படி ஏமாத்திட்டியே! அன்னைக்கு நீ பயமுறுத்துனதக் கேட்டு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல தெரியுமா? மச்சினன கோயம்புத்தூருக்கு அனுப்பி, நூறு ஆக்டேன் பெட்ரோல் வாங்கியாரச் சொல்லி, யாருக்கும் தெரியாம அத ஊத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன்! அம்புட்டும் வீணா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது.

 குச்சியில் கட்டிய போன் இன்னும் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப சாதாப் பங்கு பெட்ரோல்னு மைக்குல சொன்னது?" என்று அழகுபாண்டி பின்னாலிருந்து சாவகாசமாகக் கேட்டான்.

அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் மைக்கைப் பிடித்திருந்த மொக்கைச்சாமி உட்பட யாருக்கும் பேச்சு வரவில்லை. தவசி சிரித்த வேகத்தில் வண்டியை விட்டுவிட்டான். அது உக்கிரபாண்டியின் கால் மேலேயே சாய்ந்தது.

அவர் நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு மாதம் மீனாவோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மீனாவுக்கு அது உறுத்தியது. அவர் பயந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் தகடே வேண்டியிருக்காது. அவள் தகடு வைத்தது அவருக்குத் தெரிந்திருந்தால் கோயம்புத்தூர் வேண்டியிருக்காது. இருவரும் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும். இதைச் சொல்லி அவள் வருத்தப்பட்டபோது தவசி, "வாயத் தொறந்திருந்தா நமக்கு இம்புட்டுச் சிரிப்புக் கெடச்சிருக்குமா?" என்றான்.

ஆடி மாதம் உக்கிரபாண்டி வந்தார். பட்டுத் துண்டு இல்லை, வீடியோ இல்லை.

"என்ன செய்யலாம்னு சொல்லு தங்கச்சி. இந்தத் தடவ மறைக்காமச் சொல்லு."

"ரெண்டு வழி இருக்குண்ணே. தகட்ட எடுத்துருவோம், நீங்க ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூர்ல இருந்து பெட்ரோல் வாங்கியாங்க. இல்லையா, பன்னெண்டுல நிக்கிற மாதிரி வேற பிஸ்டன் போடுவோம், தொண்ணூத்தஞ்சு பெட்ரோல் ஊத்துங்க. சுஷ்மா டீச்சருக்கு அப்படித்தான் செஞ்சேன். நல்லா ஓடுது."

"எதுல ஜெயிப்பேன்?"

"ரெண்டுலயும் நாலாவதுதாண்ணே வருவீக. பிரேக்க விடுங்க, அப்புறம் பிஸ்டனப் பத்திப் பேசுவோம்."

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டே போதும் என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

ரகசியம் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் மீனாவின் பட்டறைப் பக்கம் வரவில்லை. அளந்து பார்த்து வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். அழகுபாண்டியின் வண்டி புதுச் சிலிண்டரோடு ஓடுகிறது. இப்போது கடலைச் சத்தம் கேட்டால் முறுக்குவதை நிறுத்திவிடுகிறான்.

அடுத்த கோடையில் மொக்கைச்சாமி பட்டறைக்கு வந்தார். பந்தயத்துக்கு முன்னால் எல்லா வண்டியையும் அளந்து, டாங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்து உள்ளே விடுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். வண்டி ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசியதில், ஊரையே ஏமாற்றியவள் கையில் கொடுத்தால் வேறு யாராலும் ஏமாற்ற முடியாது என்று முடிவாகியிருக்கிறது.

"நான் பொய்யே சொல்லலையேண்ணே" என்றாள் மீனா.

"அதனாலதான்" என்றார் மொக்கைச்சாமி.

முதல் பந்தயத்துக்கு இருபத்தாறு வண்டி வந்தன. குடைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளந்தாள், ஒவ்வொரு டாங்கையும் திறந்து முகர்ந்தாள். தவசி கண்ணைத் திறந்துகொண்டே வண்டிகளைப் பிடித்தான். நாலு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். அதில் இரண்டு, மொக்கைச்சாமியின் மருமகன்களுடையவை.